அரை மணித்தியாலம் காட்டும் வளையம்: ஒரு டூப்ளிக்கேட் மணிக்கூட்டைத் திருத்திய கதை

கிளிநொச்சியில் சனம் கட்டிக்கொண்டு திரிகிற 'ரோலெக்ஸ்'களை எண்ணினால் சுவிஸ்காரனே பயந்துபோவான். புறக்கோட்டை நடைபாதையில் பேரம் பேசி வாங்கியவை, வற்றாப்பளைப் பொங்கல் கடைகளில் பாய் விரித்து விற்றவை, வெளிநாட்டு மாமா 'ஒரிஜினல்' என்று சத்தியம் செய்து கொடுத்தவை. ஓட்டம் நின்றதும் எல்லாம் லாச்சிக்குள் போய்விடும். எனக்கு வேண்டியது அந்த லாச்சிக்குள் கிடப்பவைதான்.

நான் செய்வது பெரிய வித்தை இல்லை. மெஷினைக் கழற்றி நல்ல மெஷின் போடுவது, பொய்ப்பெயர் அடித்த டயலைத் தூக்கிவிட்டுப் பெயரில்லாத டயல் வைப்பது, ரப்பர் வளையங்களை மாற்றுவது. பெயரை எடுப்பதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. பொய்ப்பெயரோடு விற்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாயும் என்பது ஒன்று. அதைவிட, நானே உட்கார்ந்து பூட்டிய சாமானில் வேறு ஒருத்தன்ர பெயர் எதற்கு?

இந்த முறை எடுத்தது ஒரு சப்மரைனர் நகல். அசல் சப்மரைனர் 1953இல் சுழியோடிகளுக்காக வந்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் 60 நிமிடம் குறித்திருக்கும், தண்ணீருக்கு அடியில் எவ்வளவு நேரம் போயிற்று என்று பார்க்க. வயலிலும் கடையிலும் வேலை செய்கிற எங்கட சனத்துக்கு அந்த 60 நிமிட வளையத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் அதை 12 மணித்தியால வளையமாக மாற்ற நினைத்தேன். அதற்குக் காரணம் பெரியப்பா.

இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. 1996 மே மாதம், மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. வன்னியில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கத்தில், இந்த மாற்றம் எதையும் எடுக்கவில்லை. பழைய நேரமே ஓடியது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கடைச் சாமானுக்கு வவுனியா போய்வந்த பெரியப்பா ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் அரை மணித்தியாலம் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தார். வன்னியில் எட்டரை என்றால் வவுனியாவில் ஒன்பது. "அடைக்கிற நேரம் அவங்கட மணிக்கூட்டில, நாங்கள் போறது எங்கட மணிக்கூட்டில" என்பார். 2006இல் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பி வந்ததைப் பற்றி அவருக்கு ஒரு பகிடி உண்டு: "கடைசியில அவங்கள்தானே தம்பி எங்கட நேரத்துக்கு வந்தவங்கள்."

இரண்டு நேரம் காட்டும் மணிக்கூடு என்றால் கடையில் உள்ளவன் 24 மணித்தியால முள்ளு வைத்த மெஷினைத்தான் காட்டுவான். சீக்கோவின் என்எச்34 அப்படிப்பட்டது. ஆனால் அதில் அந்த நாலாவது முள்ளு முழு மணித்தியாலமாகத்தான் தாவும். அரை மணித்தியாலம் வேண்டுமானால், பூட்டும்போதே முள்ளை 7.5 பாகை சரித்து வைக்க வேண்டும். அதுவும் செய்யலாம். செலவுதான் கூட. 12 மணித்தியால வளையம் அதைவிட மலிவு.

கணக்கு இதுதான். வளையத்தில் ஒரு மணித்தியாலம் 30 பாகை, அரை மணித்தியாலம் 15 பாகை. 60 கிளிக் உள்ள வளையம் கிளிக்குக்கு 6 பாகை நகரும். 15 பாகை வேண்டுமென்றால் இரண்டரைக் கிளிக், அது நடவாது. 120 கிளிக் வளையம் கிளிக்குக்கு 3 பாகை. ஐந்து கிளிக்கில் அரை மணித்தியாலம் கச்சிதமாக வந்து நிற்கும். இப்போதைய அசல் சப்மரைனருக்கும் 120தான், நல்ல நகல்காரன் அதையும் பார்த்துச் செய்திருப்பான். எப்படித் தெரிந்துகொள்வது? வளையத்தில் ஒரு மார்க்கர் புள்ளி வைத்து, ஒரு சுற்று முடியும்வரை காதோடு பிடித்து எண்ணுங்கள். என் லாச்சியில் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் 60தான். அவையெல்லாம் திரும்பவும் லாச்சிக்கே போயின.

கேஸை, அதாவது வெளிக்கூட்டை, தெரிவதற்கும் ஒரு வழி சொல்கிறேன். வார் கோர்க்கும் முனைகளின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஊசித்தண்டு உரஞ்சி உரஞ்சி அங்கேதான் முதலில் பூச்சுக் கழரும். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மங்கலான சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தால் மலிவு உலோகக் கலவை, வியர்வைக்கு நின்றுபிடியாது. வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படியே என்றால் ஸ்டீல், வைத்திருங்கள்.

பின்மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது எதிர்பார்த்த சாமான்தான்: டிஜி2813 வகைச் சீன மெஷின். ஜப்பான் சிற்றிசன் குழுமத்தின் மியோட்டா 8200 வரிசை அமைப்பைப் பார்த்துச் செய்தது. எண்ணெய் காய்ந்து, தானாகச் சாவி ஏற்றும் எடைத்தட்டு கறகறவென்று உரஞ்சிக்கொண்டு இருந்தது. மெஷின் மாற்றுவதென்றால் எல்லோரும் சீக்கோ என்எச்35ஐத்தான் சொல்வார்கள். நல்ல மெஷின்தான், மறுப்பில்லை. ஆனால் அதன் விட்டம் 27.4 மில்லிமீட்டர். மியோட்டா 8215இன் விட்டம் 26. டிஜி இருந்த குழிக்குள் 8215 மல்லுக்கட்டாமல் இறங்கும். அதற்கென்று விற்கும் டயலும் முள்ளும் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாகவே வரும். என்எச்35 போடவேண்டுமானால் உள்வளையம், டயல், முள்ளு, சாவித்தண்டு எல்லாம் வேறு. அந்தச் செலவுக்கு வேறு கேஸே வாங்கலாம். ஆகவே 8215. மணித்தியாலத்துக்கு 21,600 துடிப்பு, உராய்வைக் குறைக்கும் கல் 21.

சந்தைப்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து மணிக்கூடு திருத்துகிற ஐயாவிடம் இதைக் காட்டினேன். கண்ணில் லென்ஸைச் சொருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இந்தக் காசுக்கு ஒரு சீக்கோ ஃபைவ் வாங்கியிருக்கலாமே?"

"வாங்கலாம்தான் ஐயா. ஆனா அதைக் கழட்டிப் பூட்ட மனம் வராது."

"அதுவும் சரிதான்."

பிறகு அவர் தன் பழைய கதையைத் தொடங்கினார். வன்னிக்குள் பற்றறி வராத காலம். பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்ததால், குவாட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோக, சாவி கொடுக்கிறதும் கை ஆட்டத்தில் ஓடுகிறதும்தான் தப்பிப் பிழைத்தன. ஒன்றின் சில்லைக் கழற்றி மற்றதற்குப் போட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். நாங்கள் இப்போது பொழுதுபோக்கென்று செய்வதை அந்த மனிசன் அப்போதே கட்டாயத்தில் செய்து முடித்துவிட்டார்.

இனி வேலை. எங்கட பக்கத்தில் இதற்கு முதல் எதிரி புழுதி. சிவத்த கிரவல் புழுதி ஜன்னல் அடைத்தாலும் வரும். கறுத்த டயலில் ஒரு துணிக்கை விழுந்தாலும் கண்ணாடிக்குக் கீழே பளிச்சென்று தெரியும். மழை பெய்து அடங்கிய இரவு நல்லது, புழுதி இருக்காது. ஆனால் அன்றைக்கென்று ஈசல் விளக்கைத் தேடி வரும். மேசையைச் சுற்றி நுளம்பு வலையைக் கட்டி, நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, காற்றாடியை நிற்பாட்டிவிட்டு இருந்தேன். காற்றாடி இல்லையென்றால் வியர்வை. நெற்றியில் ஒரு துவாய்த் துண்டைக் கட்டிக்கொள்வதுதான் வழி.

முள்ளுப் பூட்டுவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பலபேர் கைவிடுகிற இடம் அதுதான். முதலில் சாவியை இழுத்துச் சுற்றிக்கொண்டே போங்கள். திகதி ஒரு துள்ளலாக மாறும். அந்த இடம்தான் நள்ளிரவு. அங்கேயே நிறுத்தி, மணி முள்ளை நேரே பன்னிரண்டில் வைத்து அமத்த வேண்டும். இல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திகதி மாறும். பிறகு நிமிட முள்ளு, அதுவும் பன்னிரண்டில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசி போகிற இடைவெளி இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கடைசியில் செக்கன் முள்ளு. அதன் அடியில் உள்ள குழாய் எங்கே இருக்கிறதென்று வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. சாமணத்தால் பிடிக்காதீர்கள், பறந்துவிடும். தூசி எடுக்கும் பசைக்களியின் முனையில் ஒட்டி, நடுத்தண்டின்மேல் நிறுத்தி, மெல்ல அசைத்துப் பாருங்கள். தண்டு துளைக்குள் அகப்பட்டதும் முள்ளு வழுக்காமல் நிற்கும், அதைக் கை உணரும். அதற்குப் பிறகுதான் அமத்த வேண்டும். அமத்தியதும் மூன்று முள்ளும் ஒன்றையொன்று தொடாமல் பன்னிரண்டு மணித்தியாலம் சுற்றுகின்றனவா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே கேஸுக்குள் இறக்கலாம்.

8215இல் ஒரு குணம் உண்டு. செக்கன் முள்ளு நேரடியாக ஓடும் சில்லில் இல்லை, பக்கத்துச் சில்லில் இருந்து ஓட்டம் எடுக்கிறது. அதனால் சிலவேளை மேட்டில் ஏறும் சைக்கிள்போல் ஒரு கணம் தயங்கிப் பிறகு முன்னுக்கு ஓடும். நேரம் பிழைக்காது. பழுதென்று திரும்பக் கழற்ற வேண்டாம். எடைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் சாவி ஏற்றி மறுபக்கத்துக்குச் சும்மா சுழல்வதும் அப்படித்தான், கையை உதறினால் சுழல்கிற சத்தம் கேட்கும். என் கைக்கு வந்த மெஷினில் சாவியை இழுத்ததும் செக்கன் முள்ளு நிற்கிறது. பழைய 8215களில் அந்த வசதி கிடையாது, வாங்கும்போது கேளுங்கள்.

புது மெஷினோடு வரும் சாவித்தண்டு நீளமாகத்தான் இருக்கும். பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து, ஒரு நூல் கூடுதலாக வெட்டி, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவிக்கொண்டு வந்தேன். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை, பொறுமை போதும்.

வளையத்தை மழுங்கல் கத்தியால் நெம்பி எடுத்தபோது கீழே கிளிக் வில்லில் யாரோ முந்திக் கட்டினவரின் அழுக்கும் மணலும் அப்பிக் கிடந்தன. பல்துலக்கும் பிரஷும் சவர்க்காரமும் போட்டுக் கழுவியதும் கிளிக் சத்தமே மாறிவிட்டது. பழைய தகட்டை உரித்துவிட்டு 38 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள அலுமினிய 12 மணித்தியாலத் தகட்டை இரட்டைப் பக்கப் பசையால் ஒட்டினேன். அலுமினியத் தகட்டைப் பிளீச்சில் ஊறப்போட்டால் நிறம் வெளிறிப் பழசுபோல ஆகும், அதற்கென்றே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொய்ப் பழமை பிடிக்காது. வெயிலே அதைச் செய்யட்டும்.

ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கன் கிரீஸ் தடவி மூடியாயிற்று. அழுத்தம் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. மணிக்கூட்டை வெயிலில் இளஞ்சூடாக வைத்து, கண்ணாடியில் ஒரு துளி ஐஸ் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடத்தில் புகார் படியும். படியவில்லை. இது உள்ளே ஈரம் இல்லை என்பதைத்தான் சொல்லும், தண்ணீர் புகாது என்பதைச் சொல்லாது. கிணற்றடியில் முகம் கழுவலாம், இரணைமடுக் குளத்தில் குதிக்கக்கூடாது. ஓட்டத்தைத் தொலைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்தேன், இயர்போன் மைக்கை மெஷினோடு ஒட்ட வைத்தால் துடிப்பைக் கேட்டுக் கணக்குச் சொல்லும். மெஷினுக்கு மெஷின் மாறும் லிஃப்ட் கோணம் என்ற அளவை மியோட்டாவுக்கு 49 என்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீச்சை, அதாவது உள்ளே ஆடும் சில்லு எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை, பிழையாகக் காட்டும். நாளுக்கு ஏறக்குறைய 20 செக்கன் வேகமாக ஓடியதைச் சீராக்கும் கையை மயிரிழை நகர்த்திப் பத்துக்குள் கொண்டுவந்தேன். இந்த மெஷினுக்குக் கொம்பனி சொல்வதே நாளுக்கு 20 செக்கன் பிந்தலில் இருந்து 40 செக்கன் முந்தல் வரை, ஆகவே பத்துக்குள் என்றால் திருப்தி.

பெரியப்பாவின் கையில் கொடுத்து, வளையத்தை இடப்பக்கமாக ஐந்து கிளிக் திருப்பச் சொன்னேன். திருப்பினார். டயலில் எட்டரை, வளையத்தில் ஒன்பது.

"இதோ, ஓமந்தைக்கு அங்கால" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இப்ப ஆருக்கு இது வேணும்? பிள்ளையின்ர நேரத்துக்கு வை" என்றார்.

அக்கா இருப்பது ரொறொன்ரோவில். அங்கே கோடை நேரம் ஓடும்போது நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு. 12 மணித்தியால வளையத்தில் அது இரண்டரை மணித்தியாலம் கூட்டுவதற்குச் சமம், அதாவது பன்னிரண்டில் இருந்து 25 கிளிக். இங்கே இரவு எட்டு மணி என்றால் வளையம் பத்தரை காட்டும், காலை பத்தரை. இரவா பகலா என்பதை மனிசன்தான் நினைவில் வைக்க வேண்டும். லண்டனில் ஆள் இருந்தால் கோடையில் 75, குளிரில் 65.

சிக்கல் ஒன்று மிச்சம். குளிர்காலத்தில் ரொறொன்ரோ 15 கிளிக்குக்கு இறங்கும். சுழியோடி வளையம் ஒரு பக்கம்தான் சுற்றும், பின்னுக்கு வராது. பத்துக் கிளிக் பின்னுக்குப் போக 110 கிளிக் முன்னுக்குச் சுற்ற வேண்டும். பெரியப்பா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நவம்பரில நீ வந்து சுத்து" என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் சுற்றுகிற மாதிரிக் கிளிக் வில்லை மாற்றலாமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். சந்தை ஐயா, வில்லின் நாக்கு ஒருபக்கம் சரிந்திருப்பதால்தான் பின்னுக்கு வராமல் பிடிக்கிறது, இரண்டு பக்கமும் சமமாக வளைந்த நாக்கு வைத்தால் சரிவரும் என்கிறார். மெல்லிய ஸ்டீல் தகடு தேடுகிறேன். இதற்கிடையில் நண்பன் ஒருவன் சாவிக்குள் தண்டு முறிந்த மணிக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து தந்திருக்கிறான். சாவி பித்தளை, முறிந்த துண்டு ஸ்டீல். சீனாக்காரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊறப்போட்டால் ஸ்டீல் மட்டும் கரையும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. மருந்துக்கடையில் சீனாக்காரம் வாங்கியாயிற்று. அடுத்த பதிவில் அதைச் சொல்கிறேன்.