நெற்றியில் இருந்து வந்த மூக்கு

கட்டு மாற்றும்போது நர்ஸ் பெரியப்பாவின் மூக்கு நுனியைப் பஞ்சால் தொட்டார்.

"நெத்தியில ஏம்மா தொடுறே?"

நான் சிரித்துவிட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை. இப்படித்தான் இருக்குமாம்.

தோல் புற்று மூக்கை அரித்திருந்தது. நெற்றித் தோலை வெட்டி, புருவத்தருகே காம்பு மாதிரி விட்டு, திருப்பிக் கீழே தைத்திருக்கிறார்கள். ரத்தம் அந்தக் காம்பு வழியாகத்தான். கூடவே நரம்பும். மூன்று வாரத்தில் மூக்கிலேயே ரத்த ஓட்டம் பிடித்ததும் காம்பை அறுத்துவிடுவார்கள்.

ஏதோ நவீன வித்தை என்று நினைத்திருந்தேன். மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜிக்கு நம் நாட்டு வைத்தியர் மெழுகில் அளவெடுத்து, நெற்றித் தோலில் மூக்கு வைத்ததை 1794-லேயே லண்டன் பத்திரிகை படத்தோடு போட்டிருக்கிறது. மயக்க மருந்தே இல்லாத காலம்!

பெரியப்பா கண்ணாடி கேட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"தும்மலாமா?"