யு.என். கதவு வரை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பெண்ணோடு கூடப் போன அனுபவம்

மலேசியாவில் ஒருவரை அகதி என்று ஏற்றுக்கொள்ளச் சட்டம் கிடையாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு கையெழுத்துப் போடவில்லை. தங்கும் அனுமதியான பாஸ் முடிந்தும் இங்கே இருப்பவர் யாராக இருந்தாலும், 1959/63 குடிநுழைவுச் சட்டத்துக்கு அவர் சட்டவிரோதக் குடியேறி, அவ்வளவுதான். உயிருக்குப் பயந்து கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணும் அதில் அடக்கம். அப்படிப்பட்டவருக்கு இருக்கும் முக்கியமான கதவு, கோலாலம்பூர் ஜாலான் புக்கிட் பெட்டாலிங்கில் உள்ள யு.என்.எச்.சி.ஆர்., அதாவது ஐ.நா. அகதிகள் அமைப்பின் அலுவலகம். வியட்நாம் படகு மக்கள் வந்து இறங்கிய 1975ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வேலை செய்கிறது. எங்கள் ஊரில் சுருக்கமாக யு.என். என்போம்.

அங்கே ஒரு பெண்ணோடு கூடப் போனேன். அவர் பெயரையும் சொந்த ஊரையும் சொல்ல மாட்டேன், தங்கச்சி என்றே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். தோட்டப்புற ஊர்களில் இப்படி ஒரு பெண் நம் வாசலுக்கு வந்து நின்றால் என்ன செய்வது என்று பலருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தங்கச்சி இலங்கையின் வன்னிப் பகுதியிலிருந்து வந்தவர். எங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு சமைக்கும் ஒரு கேட்டரிங் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கோயில் திருவிழா அன்னதானத்துக்கு அந்தக் கடை சமைத்தபோது எங்கள் மாதர் குழுவோடு பழக்கமானார். முழங்கைக்கு மேல் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு நான் எதுவும் கேட்கவில்லை. வெகுநாள் கழித்து அவராகவே சொன்னார். கணவன் குடித்துவிட்டு அடிப்பவன் என்பதோடு அது முடியவில்லை. அந்த ஊரில் செல்வாக்குள்ள ஆட்களோடு அவனுக்கு நெருக்கம் இருந்தது. பொலிசுக்குப் போனால், போன செய்தி அவள் வீடு திரும்புவதற்கு முன்பே அவன் காதுக்கு வந்துவிடும். இரண்டாம் முறை போனபோது, இது குடும்ப விஷயம், பெரியவர்களை வைத்துப் பேசித் தீருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வவுனியாவில் உறவினர் வீட்டுக்கு ஓடினார், அங்கேயும் வந்து இழுத்துப் போனான். "நான் திரும்பிப் போகேலாது அக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

நம் ஆட்களும் அதே பேச்சைத்தான் பேசினார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கெல்லாம் யு.என். அகதிக் கார்டு கொடுப்பானா, நம் பிள்ளைகளுக்கே வழியைக் காணோம், நமக்கு ஏன் இந்த வம்பு என்று. அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதைப் பார்த்த ஊர் இது. துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியதைப் பெருமையாகச் சொல்கிற ஊர். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐ.சி.யோடு செத்துப்போன பாட்டிகள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள். ஒரு துண்டுக் காகிதம் இல்லாவிட்டால் மனுஷியை எப்படி நடத்துவார்கள் என்பது நமக்குத் தெரியாத கதையா? அதைத் தெரிந்தவர்களே வாசலை அடைத்தால் எப்படி?

இன்னொன்றையும் அவர்களுக்கு ஞாபகப்படுத்தினேன். ஐரின் ஃபெர்னாண்டஸ் கெடா மாநிலத்தில் தோட்டத்துச் சூழலில் வளர்ந்தவர்தான். பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உரிமைக்கான தெனாகனித்தா அமைப்பை உருவாக்கியவர். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995இல் வெளியிட்டதற்காக, வழக்கு, தண்டனை, மேல்முறையீடு என்று 2008இல் விடுதலை ஆகும் வரை கோர்ட்டுக்கு அலைந்தார். நம்மில் ஒருவர் இவ்வளவு செய்திருக்கும்போது நாம் ஒரு பெண்ணோடு காரில் ஏறிப் போகக்கூடாதா?

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். கோலாலம்பூரில் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும், அசைலம் அக்சஸ் போன்ற அமைப்புகளும் அகதிகளுக்குச் சட்ட உதவி செய்கின்றன. ஈப்போவில் எனக்குத் தெரிந்த ஒருவர் வழியாகப் போனோம். அவர் முதலில் என்னைத்தான் எச்சரித்தார். பாஸ் இல்லாதவரை நம் வீட்டில் தங்கவைப்பதும் குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். அதனால் பாதுகாப்பான தங்குமிடம் வைத்திருக்கும் அமைப்பு ஒன்றிடம் சொல்லி அங்கே இடம் பார்த்தோம். கேட்டரிங் கடை முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்டால் இமிகிரேஷனுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பயத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் தங்கச்சியால் உட்கார்ந்து பேசவே முடிந்தது. பேச வைக்க அவசரப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்: முதலில் தூங்க ஓர் இடம், அப்புறம்தான் வாக்குமூலம்.

யு.என். அலுவலகத்துக்கு நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட முடியாது. இணையத்தில் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் பதிவாகியிருக்கிறார்கள், பெரும்பாலோர் மியான்மாரிலிருந்து வந்தவர்கள், வரிசை நீளம். வன்முறைக்குத் தப்பி வந்த பெண் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். உதவும் அமைப்பு தனியாகவும் எழுதித் தந்தால் நல்லது. எங்களுக்கு அப்படி எழுதித் தந்தார்கள்.

இடையில் ஏஜென்ட் என்று ஒருவர் வந்தார். மூவாயிரம் வெள்ளி கொடுத்தால் கார்டு கைக்கு வரும் என்றார். யு.என். செய்யும் எதற்கும் காசு கிடையாது, பதிவுக்கும் இல்லை, நேர்காணலுக்கும் இல்லை, கார்டுக்கும் இல்லை. இதைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறதே, தூதரகத்துக்குப் போய்ப் புதுப்பிக்கலாமா என்று தங்கச்சி கேட்டார். வழக்கறிஞர் தடுத்தார். என் நாடு என்னைக் காக்காது என்று சொல்லும் ஒருவர் அதே நாட்டின் அலுவலகத்தில் போய் நின்றால் அது வழக்கையே பாதிக்கலாம். யு.என். தன்னிடம் சொல்வதை இலங்கை அரசுக்குக் கொடுக்காது என்பதையும் விளக்கினார். அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வாக்குமூலம் எழுதியதுதான் உண்மையான வேலை. உடன்படிக்கையில் அகதிக்கு ஐந்து காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள்: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து. பெண் என்பதற்காக ஒரு தனி வரி அதில் இல்லை. அந்த நான்காவது காரணத்துக்குள்தான் பெண்களின் வழக்குகள் வழி தேடி வந்திருக்கின்றன. 1999இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை, கணவன்மாரால் விரட்டப்பட்டு வந்த இரண்டு பாகிஸ்தானியப் பெண்களை இப்படி ஏற்றது. யு.என்.எச்.சி.ஆர். 2002இல் இதற்கென்றே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அடிப்பவன் அரசாங்க ஆளாக இருக்க வேண்டியதில்லை, அரசு காப்பாற்ற முடியாமலோ மனமில்லாமலோ இருந்தாலும் அது துன்புறுத்தல்தான் என்கிறது அது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அதே பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அமெரிக்காவில் 2018இல் தலைமைச் சட்ட அதிகாரி, வீட்டு வன்முறை பொதுவாகத் தஞ்சத்துக்குக் காரணமாகாது என்று கதவைச் சாத்தினார். 2021இல் அது ரத்தானது. ஆட்சி மாற மாற அங்கே அந்தக் கதவு ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. வன்னிப் பொலிஸ் நிலையத்தில் சொன்ன அதே 'குடும்ப விஷயம்' வாஷிங்டனிலும் பேசப்படுகிறது என்று தெரிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் தங்கச்சியின் வாக்குமூலத்தில் அடியை மட்டும் எழுதினால் போதாது. பொலிஸ் என்ன செய்தது, ஏன் செய்யவில்லை, அவன் யாரைத் தெரிந்தவன், ஊர் ஏன் வாய் திறக்கவில்லை, இதையெல்லாம் எழுத வேண்டும். இலங்கையில் 2005லேயே வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 12 மாதம் வரை பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். சட்டம் இருக்கிறதே, ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். அந்த உத்தரவை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் அவளைத் திருப்பி அனுப்பிய அதே பொலிஸார்தான் என்பதே பதில். நீதிமன்றம் பிரித்து வைக்காத வரை மனைவியைக் கற்பழிப்பது அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகவே இல்லை என்பதையும் வழக்கறிஞர் சேர்த்தார்.

தேதிகள் பெரிய தலைவலி. எந்த மாதம், எந்த வருடம் என்று கேட்டால் அவர் குழம்பினார். 2009இல் போர் முடிந்தபோது மக்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமுக்கு முன்பா பின்பா, பிள்ளை வயிற்றில் இருந்தபோதா, எந்தக் கோயில் திருவிழாவுக்குப் பக்கத்தில் என்று கேட்டுக் கேட்டு ஒரு வரிசை பிடித்தோம். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்று சொல்வதுதான் சரி, ஊகித்துத் தேதி சொன்னால் பிறகு முரண்பாடாகத் தெரியும். ஆவணம் என்று அதிகம் இல்லை. ஆஸ்பத்திரிக் கிளினிக் அட்டை ஒன்று, அவன் அனுப்பிய மிரட்டல் குரல் பதிவுகள், அம்மா எழுதிய கடிதம். இருப்பதைக் கொடுத்தோம். காகிதம் இல்லை என்பதற்காக மட்டும் வழக்கு விழுந்துவிடாது, சொல்வது ஒன்றோடு ஒன்று பொருந்தி, நம்பும்படி இருந்தால் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க வேண்டும் என்பது யு.என். கைந்நூலிலேயே இருக்கிறது.

பதிவு நாளுக்கு விடிவதற்கு முன்பே கிளம்பினோம். ரயில் டிக்கெட்டுக்கு அடையாள எண் கேட்பார்கள் என்பதால் என் தம்பி காரில், பிளஸ் நெடுஞ்சாலை வழியாக. வழியில் ரோட் பிளாக் இருந்துவிடக் கூடாதே என்று தங்கச்சி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பயம் சும்மா இல்லை. 2014 மே மாதம் யு.என்.னில் பதிவாகியிருந்த இலங்கைத் தமிழர்களையே இங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். 2019 ஆகஸ்டிலிருந்து தடுப்பு முகாம்களுக்குள் போகவே யு.என்.னுக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். உள்ளே அகப்பட்டால் யார் வந்து பார்ப்பார்கள்? அன்று கைரேகை, படம், அடிப்படை விவரங்கள் எடுத்ததோடு சரி.

நேர்காணல் வெகுநாள் கழித்து. பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தோம், கொடுத்தார்கள். கேட்காமல் இருந்துவிடாதீர்கள், கேட்கும் உரிமை இருக்கிறது. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், வழக்கறிஞர் உள்ளே போனார். கொழும்புக்குப் போய்த் தனியாக இருந்திருக்கலாமே என்ற கேள்வி எதிர்பார்த்தபடியே வந்ததாம். வவுனியாவில் எப்படிக் கண்டுபிடித்தான், தனியாக வந்த பெண்ணுக்கு யார் அறை கொடுத்தார்கள், எப்படிப் பிழைப்பது என்று தங்கச்சி ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். நடுவில் அழுகை வந்து பேச முடியாமல் போக, இடைவேளை கேட்டு வாங்கியிருக்கிறார். வெளியே வந்ததும் சோறு கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டார், அதற்கு முன் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். மறுத்திருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், அதற்கும் வழக்கறிஞர் குறிப்பு எடுத்து வைத்திருந்தார். இதையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் வந்த அதிர்ச்சியில் நாட்கள் ஓடிவிடும்.

கார்டு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வேலை செய்யும் உரிமை அதில் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, அவ்வளவுதான். வேறு நாட்டில் குடியமர்த்தப்படுவது உரிமை அல்ல, உலகில் உள்ள அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக் கூட அது கிடைப்பதில்லை. ஆனாலும் போலீஸ்காரர் நிறுத்தினால் எடுத்துக் காட்ட ஒன்று இருக்கிறது. திருப்பி அனுப்பக் கூடாது என்று வாதாட ஒரு பிடி இருக்கிறது. அந்தப் பிடியைத்தான், இது குடும்ப விஷயம் என்று சொல்லிச் சொல்லிப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

இங்கே, இப்போது அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண் உங்கள் பக்கத்தில் இருந்தால் யு.என். அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, எந்நேரமும் எடுப்பார்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில், அடிபட்டு வரும் பெண்களுக்கென்றே ஓ.எஸ்.சி.சி. என்ற பிரிவு இருக்கிறது. பாஸ் இல்லாத பெண்ணானால், போவதற்கு முன் தெனாகனித்தா போன்ற ஓர் அமைப்புக்கு அழைத்துச் சொல்லி, அவர்கள் ஆளோடு போங்கள். ஆவணம் இல்லாதவர் வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2001இல் சுகாதார அமைச்சு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. அடிபட்ட பெண் மருந்துக்குப் போனால் கைதாக வேண்டியிருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லி எங்கள் மாதர் குழு தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுகிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்துக்கு வரலாம்.