வெள்ளையாகவே இருந்த தட்டு

அமெரிக்காவில் ஒரு வனநோய் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் எனக்கு விழுந்தது தேன்காளான் வேலை. ஆர்மில்லேரியா, மரத்தின் வேரை அழுகவைக்கும் பூஞ்சை. முன்பெல்லாம் கண்ணில் பட்டதை எல்லாம் ‘மெல்லியா’ என்று ஒரே இனமாக எழுதிவிடுவார்கள். 1978-ல் பின்லாந்து ஆய்வாளர் காரி கோர்ஹோனென், ஐரோப்பாவில் மட்டும் அது ஐந்து இனம் என்று காட்டினார். மறு வருடமே ஆண்டர்சன், உல்ரிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வட அமெரிக்காவில் பத்து என்றார்கள். தோற்றத்தைப் பார்த்துப் பிரித்ததல்ல. எது எதோடு கூடுகிறது என்று வைத்துப் பார்த்துப் பிரித்தது.

காளான் குடையைக் காகிதத்தில் கவிழ்த்தால் ஸ்போர் உதிரும், காளானுக்கு விதை மாதிரியான நுண்தூள். முளைவிட்ட ஒற்றை ஸ்போரை ஊசி முனையில் எடுத்து வளர்த்தால் பஞ்சு மாதிரி வெள்ளையாக வரும். அப்படி இரண்டை ஒரு தட்டில் மால்ட் அகாரில், அதாவது பூஞ்சை வளர்க்கும் கூழில், அருகருகே வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூடினால் பஞ்சு அமுங்கி, பொருக்குத் தட்டிப் பழுப்பாகும். கூடாவிட்டால் பஞ்சு பஞ்சாகவே கிடக்கும்.

40 அடி தள்ளியிருந்த இரண்டு அடிக்கட்டைகளிலிருந்து காளான் பறித்து, அதில் ஒன்று இதில் ஒன்று என்று ஜோடி சேர்த்தேன். ஆறு வாரமாகியும் வெள்ளை. ‘வேறு வேறு இனம்’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: “எத்தனை ஸ்போர் வைத்தாய்?”

அங்கேதான் தப்பு. இந்தப் பூஞ்சையில் கூடலைத் தீர்மானிப்பவை இரண்டு மரபிடங்கள், அதாவது மரபணு உட்காரும் இடங்கள். இரண்டுமே வேறுபட்டிருக்க வேண்டும். ஒரு காளானின் ஸ்போர்களில் நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரே ஒரு வகைதான் முறை. மற்றதெல்லாம் பங்காளி. அந்நியம் என்பதாலும் கூடாமல் போகும், பங்காளி என்பதாலும் கூடாமல் போகும். தட்டில் இரண்டுக்கும் அதே வெள்ளைதான்.

சரி என்று எட்டுக்கு எட்டாக 64 ஜோடி வைத்தேன். வேறு இனமென்றால் ஒன்றுகூடப் பழுப்பாகாது. ஒரே இனத்தின் இரண்டு தனிப் பூஞ்சைகள் என்றால் அநேகமாக எல்லாமே ஆகும். எனக்கு ஆனது 17, ஏறக்குறையக் கால்வாசி. ஒரே காளானின் ஸ்போர்களுக்குள் நான்கில் ஒன்றுதான் முறை என்ற அதே கணக்கு. இரண்டு கட்டையிலும் இருந்தது ஒரே ஆள்! மண்ணுக்கடியில் கறுப்புச் சணல் கயிறு மாதிரி ஓடி அங்கேயும் இங்கேயும் தலைகாட்டியிருக்கிறது. மிச்சிகனில் குறைந்தது 15 ஹெக்டேருக்குப் பரவிக் கிடந்த ஒற்றைப் பூஞ்சையைப் பற்றி அதே ஆண்டர்சனும் கூட்டாளிகளும் 1992-லேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரையைச் சேர்ந்த வாரமே படித்திருந்தேன். 40 அடிதானே என்று இருந்துவிட்டேன்.