பெட்டி லொறிக்குள் ஒரு காரும் ஒரு அறையும்: மட்டக்குளி நாட்குறிப்பு

2025 ஜனவரி 19

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் தொழிலில் பல வருடங்கள் உழைத்த பழைய இசுசு எல்ஃப் பெட்டி லொறி ஒன்று இன்று காலை மட்டக்குளியில் உள்ள மைத்துனரின் வளவில் வந்து நின்றது. என்னிடம் 1976 ஆம் ஆண்டின் மினி 1000 கார் ஒன்று இருக்கிறது. நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பம். 998 சீசீ இயந்திரம் மலையேறத் தயங்காது. ஆனால் பந்தயத்துக்காகச் சீர்செய்த காரைக் கொழும்பிலிருந்து ஓட்டிச் சென்று, அங்கே ஏதேனும் முறிந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்கு வழி தேடி நிற்க முடியாது. ஆகவே காரை ஏற்றிச் செல்லவும், போன இடத்தில் காரை இறக்கிவிட்ட பின் இருவர் படுத்துறங்கவும் உதவும் ஒரே வண்டியாக இந்த லொறியை மாற்ற எண்ணியிருக்கிறேன்.

புதிய வண்டி பற்றி நான் யோசிக்கவே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் இங்கே பழைய வண்டிகளின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோரும் அறிந்தது. இந்த லொறியில் இருப்பது 4,334 சீசீ கொள்ளளவுள்ள, டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரம். இதன் உதிரிப் பாகங்களைப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாகத் தேடி எடுக்கலாம் என்பதால் இயந்திரத்தைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. எனக்கு முக்கியமானது பெட்டியின் உள்ளளவு. நீளம் 4.35 மீற்றர், அகலம் 1.78, உயரம் 2.05, தளம் நிலத்திலிருந்து 0.95 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மினியின் நீளம் 3.05 மீற்றர், அகலம் 1.41, உயரம் 1.35. கார் உள்ளே நிற்கும்போது முன்சுவரோடு 1.3 மீற்றர் இடமும் இரு பக்கங்களிலும் பதினெட்டுச் சென்ரிமீற்றர் இடமும் மட்டுமே எஞ்சும். கட்டில், அடுப்பு, தண்ணீர் எல்லாம் காருக்குப் பிறகுதான் இடம் கேட்க வேண்டும்.

2025 ஜனவரி 26

இன்று வண்டியில் கை வைக்கவில்லை, தாளும் பென்சிலும்தான். பதிவுப் புத்தகத்தின்படி லொறியின் வெற்று எடை 2,740 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4,995 கிலோ. மினி ஏறத்தாழ 650 கிலோ. ஆகவே மொத்த எடையில் நெருக்கடி இல்லை. அந்த எடை எந்த அச்சில் போய் உட்காருகிறது என்பதுதான் கேள்வி.

மினியின் இயந்திரம் முன்னால் குறுக்காக இருப்பதால் காரின் எடையில் ஏறத்தாழ 60 வீதம் முன்சக்கரங்களில் நிற்கிறது. காரை நேராக, அதன் மூக்கு லொறியின் முன்சுவரைப் பார்க்கும்படி ஏற்றினால் காரின் எடை மையம் லொறியின் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழும். பின்னோக்கி ஏற்றினால் அதே மையம் பின் அச்சுக்கு நாற்பது சென்ரிமீற்றர் பின்னால் போகும். அப்போது லொறியின் முன் அச்சிலிருந்து எழுபது, எண்பது கிலோ தூக்கப்படும். மழை நாளில், வளைவில், திருப்பும் சக்கரங்களிலிருந்து எடை குறைவது நல்லதல்ல. மினி முன்சக்கரங்களால் ஓடும் கார் என்பதால் சரிவில் பின்னோக்கி ஏறும்போதுதான் அதற்குப் பிடிமானம் அதிகம் என்று மைத்துனர் நினைவூட்டினார். அது உண்மை. ஆனாலும் காரை அதன் சொந்தப் பலத்தில் ஏற்றப் போவதில்லை. பெட்டிக்குள் நின்ற பின் கதவைத் திறந்து இறங்க இடமில்லாததால் எப்படியும் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் கொண்டுதான் இழுக்க வேண்டும். எனவே மூக்கு முன்னால் என்று முடிவு செய்துவிட்டோம்.

2025 பெப்ரவரி 9

இந்த வாரத்தில் ஒரு காலைப்பொழுது நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கழிந்தது. வண்டியின் உடலமைப்பை மாற்றுவதானால் வேலையைத் தொடங்குமுன்பே கேட்டுக்கொள்வது நல்லது. முடித்த பின் பரிசோதகர் முன் நிறுத்தி விளக்கம் சொல்வதைவிட, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் பேசுவது எல்லோருக்கும் இலகுவானது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும், லொறி என்பதால் தகுதிச் சான்றிதழும், காப்புறுதியும் வேண்டும். வெளித்தோற்றத்தையும் நீள அகல உயரங்களையும் மாற்றாமல், உள்ளே மட்டும் கழற்றிப் பூட்டக்கூடியவாறு எல்லாவற்றையும் அமைப்பது என்ற எனது திட்டம் இதனால் இன்னும் உறுதியாகிவிட்டது.

2025 மார்ச் 2

தளப் பலகையைக் கழற்றினோம். களனி ஆறு கடலில் சேரும் இடத்துக்கு இவ்வளவு அருகில் நிற்கும் வண்டியில் உப்புக்காற்று என்ன செய்யும் என்பதைப் பார்க்க அஞ்சினேன். ஆனால் துரு பின்புறத்துக் குறுக்குச் சட்டங்கள் மூன்றில்தான் ஆழமாக இறங்கியிருந்தது. வருடக்கணக்காகக் கதவு இடுக்கால் மழைநீர் வடிந்த இடம் அது. அந்தச் சட்டங்களை வெட்டி எடுத்துவிட்டு, நூறு மில்லிமீற்றர் உயரமுள்ள சி வடிவ இரும்புச் சட்டங்களை வைக்கிறோம்.

வெல்டிங் பாஸிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். லொறியின் அடிச்சட்டமான சேஸியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. வளையும்போது அதிக இழுவையையும் அழுத்தத்தையும் தாங்குவது அந்த விளிம்புகள்தான்; அங்கே தொடங்கும் ஒரு சிறு வெடிப்பு சேஸி முழுவதையும் முறித்துவிடும். பெட்டியை யூ வடிவ போல்ட்டுகளால் இறுக்கிப் பிடிப்பதுதான் முறை. அவர் புன்னகைத்து, “தம்பி, நான் முப்பது வருஷமா லொறிக்குக் கீழதான் கிடக்கிறேன்” என்றார். வேலை தொடங்குமுன் பற்றரிக் கம்பிகளை அவரே கழற்றி வைத்ததைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

2025 மார்ச் 30

கார் ஏறும் தகடுகள் தயாராகிவிட்டன. இந்த வேலையில் நான் மிகவும் ரசித்த பகுதி இதுதான்.

தகடு குட்டையானால் சரிவு செங்குத்தாகும். சரிவு செங்குத்தானால் தகடும் தளமும் சந்திக்கும் முனையில் காரின் வயிறு தட்டும். மினியின் இரு அச்சுகளுக்கும் இடையே 2.03 மீற்றர். வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையே என் காரில் பதினைந்து சென்ரிமீற்றர் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 17 பாகைக்கு மேற்பட்ட முனையைக் கார் தாண்டாது. புகைக்குழாய் தொங்குவதால் அதற்கும் குறைவாகவே கொள்ள வேண்டும். 0.95 மீற்றர் உயரத்துக்கு மூன்று மீற்றர் தகடு போட்டால் 18 பாகையைத் தாண்டுகிறது. 3.8 மீற்றரானால் 14.5 பாகை. அதையே தெரிவு செய்தேன். இவ்வளவு நீளமான தகட்டை ஒருவர் தூக்க முடியாது என்பதால் ஒவ்வொன்றையும் இரு பாதிகளாகச் செய்து, நடுவில் ஊசி கோத்து இணைத்து, இணைப்புக்குக் கீழே ஒரு காலும் வைத்திருக்கிறோம். பயணத்தின்போது நான்கு பாதிகளும் தளத்துக்குக் கீழே உள்ள கூட்டுக்குள் இழுப்பறைபோலப் போய்விடும்.

இன்னொரு காரியமும் உண்டு. காரின் முன்சக்கரங்கள் தளத்தின் பின் விளிம்பை மிதிக்கும் கணத்தில், அந்த எடை லொறியின் பின் அச்சுக்கு 1.7 மீற்றர் பின்னால் விழுகிறது. வில்லுத் தகடுகள் அமுங்கி லொறியின் வால் தாழும், தகட்டின் மேல் முனை நகரும். ஆகவே சேஸியின் பின்முனையில் திருகி இறக்கும் இரண்டு முட்டுக்கால்களைப் பூட்டியிருக்கிறோம். அவற்றை இறக்காமல் வின்ச் இயங்காதவாறு ஒரு சுவிட்சும் அமைத்தாகிவிட்டது.

2025 ஏப்ரல் 20

வின்ச் முன்சுவரில் அல்ல, சுவருக்கு அடியில் சேஸியோடு இணைந்த குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டது. 14.5 பாகைச் சரிவில் 650 கிலோ காரை இழுக்கத் தேவைப்படும் விசை, சக்கரங்களின் உராய்வையும் சேர்த்து, 170 முதல் 180 கிலோ வரைதான். ஆகவே 900 கிலோ வின்ச் தாராளம். இரும்புக் கம்பி வடத்துக்குப் பதிலாகச் செயற்கை நார் வடம் போட்டேன். இழுவையில் அறுந்தால் இரும்பு வடம் சாட்டைபோலத் திரும்பி அடிக்கும்; அடைத்த பெட்டிக்குள் அந்த ஆபத்தை ஏற்க நான் தயாராக இல்லை.

காரைக் கட்டுவது பற்றி மைத்துனரோடு நீண்ட நேரம் பேசினேன். மினியின் தொங்கலமைப்பில் சுருள் வில் கிடையாது. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகள்தான். காரின் உடலைத் தளத்தோடு இறுக்கிக் கட்டினால், பாதைக் குழிகளில் அந்த ரப்பர் அமுங்கும் ஒவ்வொரு தடவையும் பட்டி தளரும், பிறகு வெடுக்கென்று இழுபடும். ஆகவே நான்கு சக்கரங்களையும் தனித்தனியாக, ரயருக்கு மேலாகப் போகும் பட்டிகளால், தளத்தின் கீழுள்ள சட்டங்களில் பூட்டிய வளையங்களோடு கட்டுகிறோம். கார் தன் ரப்பரில் தன்பாட்டுக்கு அசையும், சக்கரம் அசையாது.

2025 மே 18

மழை. கூரையில் இரண்டு இடங்களில் ஒழுக்கு. பழைய ரிவெட்டுகளை எடுத்துவிட்டுப் புதியவை போட்டு, மூட்டுகளுக்குப் பசை பூசினோம். சோலர் தகடு ஏறுமுன் மழை வந்தது நல்லதாயிற்று.

2025 ஜூன் 15

இனி அறை. அலுமினியத் தோல் கொழும்பு வெயிலில் கொதிக்கும். நுவரெலியாவின் இரவிலோ, 1,868 மீற்றர் உயரத்தில், உள்ளே உறங்குபவர்களின் மூச்சு அதே தோலில் நீராகப் படியும். பஞ்சுபோன்ற காப்புப் பொருள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், சுவரிலும் கூரையிலும் அடர்த்தியான ரெஜிபோம் பலகைகளை இடைவெளியின்றி ஒட்டி, மேலே மெல்லிய பிளைவுட் அடித்தோம். மரத்தோடு மினியின் ஓரம் உரசக்கூடிய உயரம்வரை ரப்பர்ப் பட்டை.

கட்டில் முன்பக்கத்தில், பக்கச் சுவரோடு மடிகிறது. கார் இருக்கும்போது அது உயர்த்திப் பூட்டப்பட்டிருக்கும்; கார் இறங்கியதும் கீழே வந்து பெட்டியின் நடுப்பகுதிவரை நீளும். கார் இருக்கும்போதே அவசரத்துக்கு ஒருவர் படுப்பதற்காக, காரின் முன்மூடிக்கு மேலே, தளத்திலிருந்து 1.1 மீற்றர் உயரத்தில் நிற்கும்படியும் அதைப் பூட்டலாம். முதலில் அதைப் பெரிய வசதியாக நினைத்திருந்தேன். இப்போது, பெற்றோல் உள்ள காரோடு ஒரே பெட்டிக்குள் எவரும் உறங்கக் கூடாது என்று தீர்மானித்து, அந்தப் பூட்டைப் பொருட்கள் வைக்கும் தட்டாக மட்டுமே பயன்படுத்துகிறேன்.

மின்சாரம் சுருக்கமானது. லொறி 24 வோல்ட் என்பதால் அறையும் 24 வோல்ட்: 3.2 வோல்ட் வீதம் எட்டு லித்தியம் இரும்புப் பொஸ்பேற் கலங்கள், 100 அம்பியர் மணி, அதாவது ஏறத்தாழ 2.5 யூனிட். சிறிய குளிர்சாதனப் பெட்டி, விசிறி, விளக்குகளுக்கு இரண்டு நாள் போதும். பற்றரியும் நூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கியும் முன்சுவரோடு இருப்பதால் அவற்றின் எடை முன் அச்சுக்கு உதவுகிறது.

2025 ஜூலை 6

எரிவாயு. 2021 இறுதியில் இந்த நாட்டில் எத்தனை சமையலறைகளில் அடுப்பும் சிலிண்டரும் வெடித்தன என்பதை மறக்க முடியாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தளத்தில் தேங்கும். பெற்றோல் ஆவியும் அப்படியே. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைக்கத் துணியும் எவரும் இதை முதலில் சிந்திக்க வேண்டும். ஐந்து கிலோ சிலிண்டரை வெளியே, சேஸியின் பக்கத்தில், அடியில் துளையுள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம். அடுப்பு இழுத்து வெளியே எடுக்கும் தட்டில் இருக்கிறது. பின்கதவுக்கு வெளியே நின்றுதான் சமையல். தள மட்டத்தில் இரு பக்கங்களிலும் அடைக்க முடியாத காற்றுத் துளைகள், கூரையில் ஒரு விசிறி. கார் ஏறியவுடன் அதன் பற்றரியைத் துண்டிப்பது ஏற்றும் ஒழுங்கின் ஒரு பகுதி. கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி தலைமாட்டில்.

2025 ஆகஸ்ட் 10

காரோடும், நிரம்பிய தண்ணீரோடும், நாங்கள் இருவரும் ஏறிய நிலையிலும் லொறித் தராசில் நிறுத்தினோம். மொத்தம் 4,310 கிலோ. முன் அச்சில் 1,790, பின் அச்சில் 2,520. காரின்றி நிறுத்தியபோதும் முன் அச்சில் பத்துப் பதினைந்து கிலோ வித்தியாசமே இருந்தது. ஜனவரியில் தாளில் போட்ட கணக்கை இரும்பிலும் பார்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தராசிலிருந்து நேரே கண்டி வீதியில் கடுகண்ணாவைவரை ஏறி, டோசன் கோபுரத்தடியில் சற்று நின்று, மாவனெல்லைப் பக்கமாக இறங்கினோம். ஏறிய கியரிலேயே இறங்குவது, இயந்திரப் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் புகைக்குழாய் பிரேக்கை முதலில் போட்டு கால் பிரேக்கை இடையிடையே மட்டும் மிதிப்பது என்று மைத்துனர் ஓட்டினார். அடிவாரத்தில் நான்கு பிரேக் டிரம்களின் சூட்டையும் கருவியால் அளந்தேன். மூன்று ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன. பின் இடது டிரம் மட்டும் மற்றவற்றைவிட நாற்பது பாகை கூடுதலாகச் சுட்டது. உள்ளே சக்கர சிலிண்டர் ஒட்டிக்கொண்டு பிரேக் கட்டையை முழுதாக விடுவிக்கவில்லை என்று கருதுகிறோம். நுவரெலியாப் பாதையில் உள்ள ரம்பொடைச் சரிவு இதைவிட நீளமானது. அங்கே போகுமுன் பின் சக்கரங்கள் இரண்டின் சிலிண்டர்களும் புதிதாகப் பூட்டப்படும். நாளை காலை பஞ்சிகாவத்தை.