வாழை விளையில் பவர் வீடர்: ஆயில் ஊற்றுவதிலிருந்து கத்தி கழற்றுவது வரை

களை எடுக்கவும் மண்ணைக் கிளறவும் பயன்படும் சிறு எஞ்சின் வண்டிதான் பவர் வீடர். புதிது பெட்டியில் வரும்போது எஞ்சினில் ஆயில் இருக்காது. வடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். கடையில் ஒரு தடவை ஓட்டிக் காட்டியிருந்தால் கொஞ்சம் கிடக்கலாம், அதையும் நம்பக் கூடாது. இது தெரியாமல் பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தால் சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும். ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் சென்சார் சில எஞ்சின்களில் உண்டு. அது இருக்கிறது என்ற தைரியத்தில் அளவு பார்க்காமல் ஓட்டுவதும் தவறுதான்.

நம் குமரி மாவட்டத்தில் வாழை, மரச்சீனி (மரவள்ளி), தென்னை விளைகளில் (தோட்டங்களில்) அதிகம் கண்ணில் படுவது 7 எச்.பி., 212 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பவர் வீடர். உழும்போது அதற்குத் தனிச் சக்கரம் கிடையாது. மண்ணைக் கொத்துகிற கத்திகளே வண்டியை முன்னால் இழுத்துக்கொண்டும் போகும். அந்த வகையை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எஞ்சினைச் சமதரையில் வைத்து 10டபிள்யூ-30 ஆயில் 600 மில்லி ஊற்ற வேண்டும். 20டபிள்யூ-40 ஆயிலும் நம் வெயிலுக்குச் சரிப்படும். அளவுக் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிகம் இருப்பதுபோல் காட்டும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல்தான்: வெள்ளைப் புகை கக்கும், ஏர் ஃபில்டருக்குள் ஆயில் ஏறும். கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில், 90-ம் நம்பர். அது எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்தே ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டு இதை மறந்துபோகிறவர்கள் நிறைய. முதல் 20 மணி நேரம் ஓடியதும் எஞ்சின் ஆயிலைச் சூடு இருக்கும்போதே வடித்து மாற்றிவிட வேண்டும். புது எஞ்சினின் உரசலில் உதிரும் இரும்புத் தூள் அந்த ஆயிலில்தான் மிதக்கும்.

அடுத்து கத்திகள். 'எல்' வடிவத்தில் வளைந்திருக்கும் இவற்றில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனி ஜோடி உண்டு. சுழலும்போது கூரான விளிம்பு முதலில் மண்ணில் இறங்க வேண்டும். இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் கத்தியின் முதுகு தரையில் அடித்து வண்டி துள்ளும், மண் கிளறாது. 'இந்த மிஷின் சரியில்லை' என்று திருப்பி அனுப்பும் முன் இதை ஒரு தடவை பாருங்கள். கத்திக் கூட்டத்தைத் தண்டில் மாட்டும் முன் தண்டு முழுக்க கிரீஸ் தடவுங்கள். குளச்சல், ராஜாக்கமங்கலம், மணக்குடி பக்கம் உப்புக் காற்று அடிக்கும் விளைகளில் ஒரு மழைக்காலம் கழிந்தால் தண்டும் கத்திக் குழாயும் துருவேறி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சுத்தியலால் அடித்தாலும் வராது. அதை மாட்டி நிறுத்தும் பின்னுக்குப் பதிலாக ஆணியையோ கம்பித் துண்டையோ செருகக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் செடியையும் காலையும் கொளுவி இழுக்கும்.

கைப்பிடியை இடுப்பு உயரத்தில், முழங்கை லேசாக மடியும்படி வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். அதிர்வில் கழன்றிருக்கும்.

கிளட்ச் கேபிளை மட்டும் அவசரப்படாமல் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது லிவரை விட்டால் கத்தி அப்படியே நிற்க வேண்டும். மெதுவாகவேனும் சுற்றிக்கொண்டிருந்தால் கேபிள் இறுக்கம் அதிகம். எஞ்சினை நிறுத்திவிட்டு, கேபிள் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். லிவரை முழுக்கப் பிடித்தும் கத்தி மண்ணில் தயங்கி நின்றால் கேபிள் தளர்வு. கை வலிக்கிறது என்று அந்த லிவரைக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கால் தடுக்கி விழுந்தால் கை தானாக விட்டுவிடும், வண்டி நிற்கும் என்பதற்காகவே அந்த லிவரை அப்படி வைத்திருக்கிறார்கள். கட்டிவிட்டால் விழுந்த ஆள் மேலேயே கத்தி ஏறும்.

ஸ்டார்ட் செய்வதில் பெரிய வித்தை இல்லை. பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை அடைக்கும் மூடியை) மூடி, ஆக்சிலேட்டரைப் பாதியில் வைத்து, சுவிட்சைப் போட்டு, கயிற்றை மெதுவாக இழுங்கள். கை தடுக்கும் இடம் வந்ததும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். இழுத்த கயிற்றை விட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய் வையுங்கள். ஓடத் தொடங்கியதும் சோக்கைத் திறந்துவிடுங்கள். மூடியபடி ஓட்டினால் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கறுத்துப்போகும். அடுத்த நாள் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காததற்குப் பல வேளை அதுதான் காரணம். பிளக்கைக் கழற்றித் துடைத்து, அதன் முனைகளுக்கிடையே இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஓட்டுவது. புதிதாகக் கைவைக்கும் எல்லோரும் செய்யும் தப்பு, உந்துவண்டியைத் தள்ளுவதுபோல் இதைத் தள்ளுவது. வண்டிக்குத் தள்ளுதல் வேண்டாம், அதைப் பிடித்து நிறுத்தத்தான் ஆள் வேண்டும். பின்னால் மண்ணில் இறங்கும் ஆழக்கம்பி ஒன்று இருக்கிறதல்லவா, வேலையெல்லாம் அதனுடையது. கம்பியை இறக்கினால் அது மண்ணில் குத்தி வண்டியை இழுத்துப் பிடிக்கும். முன்னேற முடியாத கத்தி நின்ற இடத்திலேயே ஆழமாகக் கிளறும். கம்பியை ஏற்றினால் வண்டி மேலோட்டமாகக் கொத்திக்கொண்டு வேகமாக ஓடும். களை எடுக்க 2 முதல் 3 அங்குலம் போதும். மரச்சீனி நட மண்ணைப் புரட்டுவதானால் முதல் ஓட்டத்தில் 3 அங்குலம், இரண்டாவதில் 6 அங்குலம் என்று போங்கள். ஒரே மூச்சில் ஆழம் பிடிக்கப் போனால் கெட்டியான செம்மண்ணில் கத்தி மேலே ஏறி, வண்டி குதிரைபோல் முன்னால் பாயும். அப்படிப் பாய்ந்தால் பலங்கொண்டு இழுக்க வேண்டாம். லிவரை விட்டுவிடுங்கள்.

மண்ணின் ஈரப் பதம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். அப்பளமாக அமுங்கிக் கிடந்தால் ஈரம் அதிகம், உருண்டையே பிடிக்காவிட்டால் காய்ச்சல் அதிகம். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் விளை மழை விட்டு இரண்டு நாளில் பதத்துக்கு வந்துவிடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலை வாழையாக்கிய களிமண்ணுக்கு இன்னும் நாள் பிடிக்கும். ஈரக் களியில் இறக்கினால் கத்திகளுக்கிடையே மண் அப்பி, உருளை மாதிரி ஆகி, மண்ணைக் கிளறாமல் அமுக்கிவிட்டுப் போகும். காய்ந்த பிறகு அந்த மண்ணை மண்வெட்டிகூடப் பிளக்காது.

காலை வெட்டிக்கொள்ளும் விபத்துக்கு அதிகம் இடம் கொடுப்பது ரிவர்ஸ். முன்னால் போகும்போது கத்தி நம்மை விட்டு விலகிப் போகிறது. பின்னால் வரும்போது நம் காலை நோக்கியே வருகிறது. வரப்பிலோ தென்னை மூட்டிலோ (அடிமரத்திலோ) முதுகு முட்டிவிட்டால் ஒதுங்க இடமில்லை. ஆகவே ரிவர்ஸ் போடும் முன் ஆக்சிலேட்டரை முழுக்கக் குறைத்து, திரும்பிப் பின்னால் பார்த்து, இரண்டு அடிக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். வரிசை முடிவில் திரும்ப ரிவர்ஸ் வேண்டாம். லிவரை விட்டு, கைப்பிடியை அமுக்கி, கத்தியைத் தரையிலிருந்து தூக்கித் திருப்பிக்கொள்ளலாம். சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். காலோடு ஒட்டிய பேன்ட், முட்டு வரை வரும் ரப்பர் பூட்ஸ், கண்ணாடி இவை வேண்டும். கழுத்தில் துவர்த்தும் (துண்டும்) கூடாது. குழந்தைகள், வேடிக்கை பார்க்கிறவர்கள் யாரும் பதினைந்து அடிக்குள் நிற்கக் கூடாது, கல் தெறிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் கையை உதறிக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போன பிறகு லிவரை நம்பிப் பிடிக்க முடியாது.

ரிவர்ஸுக்கு அடுத்த ஆபத்து, சுற்றிக்கொண்டதை எடுப்பது. வாழை விளையில் இது தினசரி வேலை. காய்ந்த வாழைச் சருகு, நார், தொட்டாவாடிக் கொடி எல்லாம் தண்டில் சுற்றும். அவற்றைவிடக் கேடு, நேந்திரன், செந்துளுவன் வாழைகளுக்குக் காற்றுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டிய பிளாஸ்டிக் கயிறும் நாடாவும். குலை வெட்டியதும் அதை அறுத்து அங்கேயே போட்டுவிடுகிறோம். அது மக்காது. அடுத்த வருஷம் கத்தியில் சிக்கி, தண்டு கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்துக்குப் போய், அங்கே ஆயில் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் என்ற வளையத்தைத் தின்னத் தொடங்கும். சீல் போனால் கியர் ஆயில் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. பல நாள் கழித்து உள்ளே பற்சக்கரம் கரகரக்கும்போதுதான் தெரியும். சீலின் விலை சில நூறுக்குள், பற்சக்கரம் அப்படியல்ல. ஆகவே ஓட்டும் முன் விளையை ஒரு சுற்று நடந்து கயிறு, கம்பி, சொட்டுநீர்க் குழாய், கல் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். மாலையில் கத்திக் கூட்டத்தைக் கழற்றித் தண்டின் அடிவரை பாருங்கள்.

சுற்றியதை எடுக்கும்போது எஞ்சின் நிற்க வேண்டும், பிளக் வயரும் கழன்றிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே. கத்தியைக் கையால் திருப்பும்போது எஞ்சினும் கூடச் சுற்றி, சூடாக இருந்தால் ஒரு தீப்பொறியில் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. இறுக்கமாகச் சுற்றிய கயிறு வில்போல் இழுபட்டு நிற்கும். அதை அறுக்கும் நொடியில் கத்தி கால் சுற்று திரும்பும். எனவே விரலை உள்ளே விடாமல், நீளமான அரிவாளோ கொக்கியோ கொண்டு வெளியிலிருந்து அறுங்கள்.

வண்டியைச் சாய்க்க வேண்டியிருந்தால் கைப்பிடிப் பக்கமாகப் பின்னால் சாயுங்கள். ஏர் ஃபில்டர் கீழே வரும்படி சாய்த்தால் ஆயில் அதற்குள் இறங்கும்.

வாழைக்கு எவ்வளவு நெருங்கலாம்? 6 அடி இடைவெளியில் நட்டிருந்தால் இரண்டு பக்கமும் மூட்டிலிருந்து ஒன்றரை அடி விட வேண்டும். மிச்சம் 3 அடி. எல்லாக் கத்தியும் பூட்டிய வண்டியின் அகலம் ஏறக்குறைய அதே 3 அடி, அதற்குமேலும் வரும். கை கொஞ்சம் ஆடினாலும் மூட்டில் இடிக்கும். வெளிக்கத்திக் கூட்டத்தை இரு பக்கமும் கழற்றி 2 அடிக்குக் கொண்டுவந்து, ஓரத்தட்டை (கத்தி செடியில் படாமல் ஓரத்தில் தடுக்கும் வட்டத் தகட்டை) மறுபடி மாட்டி ஓட்டுங்கள். வாழை வேர் மேல்மண்ணில் படருவது. நட்டு ஐந்து மாதம் தாண்டிய விளையில் கத்தி இறக்கவே வேண்டாம், அரிவாளால் செதுக்குங்கள். கோரை மண்டிய இடத்திலும் யோசியுங்கள். கத்தி கிழங்குகளைப் பிரித்து விளை முழுக்க விதைத்துவிட்டுப் போகும், மூன்று வாரத்தில் முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும்.

வாடகைக்கு வண்டி எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வாழை வாடல் நோயின் பூஞ்சை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கத்தியில் ஒட்டிய மண்ணோடு ஒரு விளையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யும். ரசகதலி போட்டிருக்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும், அந்த ரகம் இந்த நோய்க்குச் சீக்கிரம் விழும். வண்டி உங்கள் விளைக்குள் வரும் முன் கத்தி, மட்கார்டு, டயர் எல்லாவற்றையும் மண்போகக் கழுவச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

குலசேகரம், அருமனை பக்கத்துச் சரிவுகளுக்கு இது ஏற்ற வண்டி அல்ல. ஆயில் தெறித்தே உள்ளே மசகிடும் எஞ்சின் இது. அதிகம் சரிந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். 15 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தில் ஓட்டாமல் இருப்பது நல்லது. கிளறிவிட்ட சரிவு மண்ணும் ஆனி ஆடி மழையில் தோட்டுக்கு (ஓடைக்கு) அடித்துப் போய்விடும். ரப்பர் இலை உதிரும் தை மாதத்தில் சருகின் மேல் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதும் ஆபத்து, சைலன்சர் சூடு சருகைப் பற்றவைக்கும். பெட்ரோல் நிரப்புவதும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான்.

தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு மழை நமக்கு. வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கும் காலம் நிறைய. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கை வடித்து, குழாயை மூடி, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓட விடுங்கள். ஆறியதும் கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள போல்ட்டைத் திறந்து மிச்சத்தையும் இறக்குங்கள். கத்தியைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் பூசி, தண்டிலும் பூசி மாட்டுங்கள். கடைசியாக ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, கை தடுக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது.