வார்டிலிருந்து வீடு வரை

ஜூலை 8, திங்கள்

இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்கு வார்டில் வகுப்பு எடுத்தேன். சர்க்கரை நோயாளிப் பெரியவர் ஒருவரைப் பற்றி எல்லாம் சரியாகச் சொன்னார்கள். "நாளைக்கு வீட்டுக்குப் போகிறாரே, அங்கே இவருக்கு இன்சுலின் போடுவது யார்?" என்று கேட்டேன். மகன் என்றார்கள். மகனுக்குத் திருப்பூரில் வேலை, அழைத்துப்போகத்தான் வருகிறார். ஊசி போடப்போவது மருமகள். கட்டிலருகே தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்த அவரிடம் யாருமே பேசியிருக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

டிஸ்சார்ஜ். உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார்கள். மாணவி மருமகளிடம் விளக்கிவிட்டு, "புரிஞ்சுச்சா அக்கா?" என்றாள். "புரிஞ்சுச்சும்மா." டாக்டரிடம் புரியவில்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? "வீட்டில் அத்தைக்கு எப்படிச் சொல்லுவீங்களோ, அப்படி எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்கச் சொன்னேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடவேண்டிய ஊசியை, சாப்பிட்ட பிறகு என்று மனதில் வைத்திருந்தார். திருத்தி அனுப்பினோம்.

ஜூலை 13, சனி

மாணவர்களோடு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜ் இல்லை. மூடிய டப்பாவில் இன்சுலினைப் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானையில் வைத்திருந்தார் மருமகள். தவறு என்று சொல்ல வாயெடுத்த மாணவனைத் தடுத்தேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அதுதான் சரியான வழி.

ஆனாலும் சர்க்கரை 340. ஏன்? மருந்தைப் பார்த்தோம், ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. சிரிஞ்சைப் பார்த்தோம், ஆரஞ்சு மூடி! அது 100 யூனிட் இன்சுலினுக்கானது. 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்ததும் மருமகள் கடையில் கொடுத்ததை வாங்கியிருக்கிறார். 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றி நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்திருந்தால், 20க்குப் பதில் 50 போயிருக்கும். உயிருக்கே ஆபத்து. மூடியின் நிறம் டிஸ்சார்ஜ் சீட்டில் எங்கும் இல்லை.

அப்புறம் மஞ்சப்பையைக் கொட்டச் சொன்னேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ஒரு அட்டை, நாங்கள் எழுதிய அதே மருந்து வேறு பெயரில் இன்னொன்று. இரண்டையும் பெரியவர் சாப்பிட்டு வந்திருக்கிறார். பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லையே!

ஜூலை 15, திங்கள்

இனி டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவருக்கும் மாணவர்கள் தமிழில் ஒரு தாள் எழுதித் தரவேண்டும். காலை, மதியம், இரவு என்ன மாத்திரை, எதை நிறுத்தவேண்டும், எந்த நிற மூடி, சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர், யாருக்கு போன் செய்வது. இரண்டு நாளில் அவர்களே கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டும். "தேர்வில் இதற்கு மார்க் உண்டா சார்?" என்றான் ஒருவன். இருக்கவேண்டும் என்றுதான் நானும் கேட்டு வருகிறேன்.

பக்கவாதம் வந்த மேலூர்க்காரர் வியாழக்கிழமை மூக்குக் குழாயோடு வீட்டுக்குப் போகிறார். தலைமாட்டை உயர்த்தி வைத்துக் கஞ்சி ஊற்ற, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க அவர் மனைவிக்கு இன்று மாலையே பழக்க ஆரம்பிக்கிறோம்.