இறுதிப்போட்டியில் தோற்ற ராத்திரிக்கு

உலகக் கோப்பை கிரிக்கெட்டில் தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்த இந்தியா, 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த இறுதிப்போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் 6 விக்கெட்டில் தோற்றது. அப்படியொரு ராத்திரியில் யாரிடமும் "வெறும் விளையாட்டுதானே, விடு" என்று சொல்லாதீர்கள். உடம்புக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் பார்த்த ரசிகர்களின் எச்சிலைச் சோதித்ததில், ஜெயித்த பிரேசில் பக்கத்தாருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, தோற்ற இத்தாலி பக்கத்தாருக்கு இறங்கியிருந்தது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி ஆடிய நாள்களில் மியூனிக் பகுதியில் அவசர இதயப் பாதிப்புகள் இரண்டரை மடங்குக்கும் மேல். நெஞ்சு அழுத்தினால் 'மேட்ச் டென்ஷன்' என்று படுத்துவிடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராத்திரி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வீரர்கள் கை குலுக்கியதும் டிவியை அணையுங்கள். அதற்குப் பிறகு வரும் விவாதம் ஒரு குற்றவாளியைத் தேடித் தரும், ஆறுதல் தராது. வாட்ஸ்அப் குழுக்களை 8 மணி நேரம் மியூட் செய்யுங்கள். பசி இல்லையென்றாலும் இரண்டு கவளம் மோர்சாதம். டீ வேண்டாம், வராத தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். பந்தயம் கட்டிப் பணம் போயிருந்தால் அன்றைக்கே மீட்கப் பார்க்காதீர்கள். பிள்ளை அழுதால் அழட்டும். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, வா சாப்பிடலாம்" என்றால் போதும்.

சிக்கல் மறுநாள்தான். மனசு ஒரே ஒரு பந்தைப் பிடித்துக்கொள்ளும். ரோகித் தூக்கி அடித்ததும், ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் பின்னோக்கி ஓடி விழுந்து பிடித்ததும் மாறியிருந்தால்? அந்தத் துண்டு வீடியோவை நாலு தடவை பார்த்தால் யூடியூப் நாற்பதைக் கொண்டுவந்து கொட்டும்.

அதற்கு மருந்து முழு ஸ்கோர்கார்டு. ஒரு தாளில் பத்துப் பத்து ஓவராகப் பிரித்து எழுதுங்கள். முதல் 10 ஓவரில் இந்தியா 80/2. அடுத்த 40 ஓவரில் வெறும் 4 பவுண்டரி, ஒரு சிக்ஸர்கூட இல்லை. நடுவில் தொடர்ந்து 97 பந்துக்குப் பவுண்டரியே கிடையாது. ராகுல் 107 பந்தில் 66. உடனே அவர்மேல் பாயத் தோன்றும். பக்கத்திலேயே அவர் இறங்கியபோது 81/3 என்று எழுதுங்கள், ஏற்கெனவே ஆடிய மெதுவான ஆடுகளம் என்றும். ஆஸ்திரேலியக் கேப்டன் கம்மின்ஸ் டாஸ் ஜெயித்து முதலில் பந்துவீசியது, ராத்திரிப் பனியில் பந்து மட்டைக்கு நன்றாக வந்தது, 47/3-லிருந்து ஹெட்டும் லபுஷேனும் 192 சேர்த்தது எல்லாம் அதே தாளில் வரட்டும். எழுதி முடிக்கும்போது ஒரே ஆளின் கழுத்தில் மாட்ட முடியாத தோல்வி அது என்று கண்ணுக்குத் தெரியும். வலி போகாது. ஆனால் வீரர்களின் சமூக ஊடகப் பக்கத்திலும் அவர்கள் குடும்பத்தார் பக்கத்திலும் போய்த் திட்டும் வெறி அடங்கும்.

இன்னொன்று, நம் வினைமுற்றைக் கவனியுங்கள். ஜெயித்தால் "ஜெயிச்சுட்டோம்". தோற்றால் "சொதப்பிட்டாங்க". அமெரிக்கக் கல்லூரி ரசிகர்களிடமும் இதே பழக்கத்தை 1970-களிலேயே ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். "தோத்துட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கோபத்தின் அடியில் கிடக்கும் துக்கம் அந்த 'ஓம்' விகுதியில்தான் வெளியே வரும்.

நாலே நாளில், நவம்பர் 23 அன்று, விசாகப்பட்டினத்தில் அதே ஆஸ்திரேலியாவுடன் டி20. இந்தியா 209 ரன்னைத் துரத்தி 2 விக்கெட்டில் ஜெயித்தது. அதைப் பார்க்க மனசு வராதவர்களும் ரசிகர்கள்தான். அவர்களை இழுத்து உட்கார வைக்காதீர்கள்.